பூசையில் இருந்த கம்ப்யூட்டரும் திறக்காத ஃபைலும்

திறக்காத ஃபைல் என்று ஒன்று உண்டு என்பதை நான் ஒத்துக்கொண்டதே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாயிரங்களின் பிற்பாதியில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து வண்டிகளுக்குப் பிராக்கெட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ் மெஷின், நான். முதலாளிக்குத் தனியறை இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின்கள் ஓடும் கொட்டகையில்தான் நாள் முழுக்க நிற்பார்.

மெயிலில் வரும் ஃபைல்கள் பெண் பார்க்க வரும் கூட்டம் மாதிரி. எப்போது வரும், எந்தக் கோலத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஒருவர் டிராயிங்கை எங்களிடம் இல்லாத சாஃப்ட்வேரில் அனுப்புவார். இன்னொருவர் மூன்று வரிக் கடிதத்தை எதற்குள்ளோ சுருட்டி அனுப்புவார். தமிழில் வரும் கடிதங்கள் எல்லாவற்றையும் மிஞ்சும். அனுப்பியவர் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் முழுக்கக் கொம்பும் கோடுமாக நிற்கும். அதனால் எங்கள் பேட்டையில் தமிழ்க் கடிதத்தை யாரும் தனியாக அனுப்ப மாட்டார்கள். கல்யாணப் பெண்ணோடு துணைக்கு ஆள் அனுப்புவது போல, எழுத்துருவையும் கூடவே அனுப்புவார்கள்.

எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஃபைல் திறக்க மறுத்தால் சண்டை போட மாட்டேன். நோட்பேடில் போட்டு, முதலில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்ப்பேன். உள்ளே மிச்சமெல்லாம் குப்பையாகத் தெரிந்தாலும், தொடக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்து அது என்ன ஜாதி ஃபைல் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தலையெழுத்து உண்டு என்று நான் சொன்னால் பக்கத்துக் கம்பெனி சூப்பர்வைசர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பென்டிரைவை நீட்டுவார்கள். "சாவிக்காரம்மா, இத சித்த தொறந்து குடேன்" என்பார்கள். சாவிக்காரம்மா என்ற பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு திறந்து கொடுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வேர்ட் ஃபைல்களுக்கு எக்ஸ் என்று ஒரு வால் முளைத்தது. அதுவரை டாக் என்று முடிந்துகொண்டிருந்த பெயர் டாக்எக்ஸ் என்று வர ஆரம்பித்தது. எங்கள் பழைய கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது. இதற்கென்று ஒரு மாற்றுக் கருவியை இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் ஃபோன் லைன் இருந்த அழகில் அது பாதி இறங்குவதற்குள் அறுந்துவிடும். பேட்டை முழுக்க ஒரு கைவைத்தியம் பரவியிருந்தது: பெயரில் இருக்கும் எக்ஸை அழித்துவிட்டால் பழைய ஃபைல் ஆகிவிடும். ஆகாது. பலகையை மாற்றினால் சாராயக்கடை மோர்ப்பந்தலாகிவிடுமா? ஆனாலும் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் அனுப்பியவருக்கே பதில் எழுதிப் பழைய வடிவத்தில் வாங்கிக்கொள்வேன். கேட்டால் கிடைக்கும் இடத்தில் யாராவது கிணறு தோண்டுவார்களா?

என் அண்ணனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நாங்கள் மீஞ்சூரில் இருந்தோம்: அம்மா, அண்ணன், நான். அண்ணன் பவர் பிரஸ் ஓட்டுபவர். கை சுத்தமான ஆள். அவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குடிக்கவில்லை, கோபப்படவில்லை. வீட்டில் இருந்ததையெல்லாம் ரிப்பேர் செய்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாய், ஆடிக்கொண்டிருந்த முக்காலி, கிறீச்சிடும் கதவு, என் செருப்பின் வார் எல்லாம் சரியாயின. பிறகு பக்கத்து வீட்டு மிக்ஸி. பிறகு தெருவில் யார் வீட்டில் எது பழுதோ அது. கடைசியில் எங்கள் தெருவில் பழுது என்பதே இல்லாமல் போயிற்று. அதன்பிறகு காலையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கும் மின்விசிறியின் திருகுகளைக் கழற்றி, துடைத்து, மறுபடி முடுக்குவார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்ப்பேன்.

அப்படியிருக்கும்போது எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து நேரடியாக ஒரு ஆர்டர் வந்தது. அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கீழே இருந்து செய்துகொடுத்துத்தான் பழக்கம். முதல் லாட், அதாவது முதல் தவணைச் சரக்கு, சரியாகப் போனால் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குவது என்று முதலாளி முடிவு செய்தார். ஷிஃப்டுக்கு பிரஸ் ஓட்ட ஆள் வேண்டும். நான் அண்ணனைச் சொன்னேன். ஆள் எப்படி என்று ஒரு முறை வரவழைத்துப் பார்த்தார். விஜயதசமி அன்று காலையில் நல்ல நேரத்தில் முதல் பிராக்கெட்டை அண்ணனே அடிக்கட்டும், அன்றிலிருந்து வேலைக்கு வரட்டும் என்றார். ஆனால் லாட் திரும்பி வந்துவிட்டால் ஷிஃப்டும் கிடையாது, அண்ணனுக்கு வேலையும் கிடையாது. அதையும் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் ஆயுத பூசை. அது 2008. காலையிலிருந்து மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். கம்ப்யூட்டருக்கு நான்தான் பொட்டு வைத்தேன். மானிட்டர் நெற்றியில் ஒன்று, சிபியூவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு மூன்று. மவுஸுக்கு இடம் போதாமல் சின்னதாக ஒன்று. ஃபேக்ஸுக்கும் டெலிபோனுக்கும்கூட வைத்தாயிற்று. ஒரு முழம் கதம்பத்தை மானிட்டர் மேல் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் போட ஆரம்பித்தோம்.

அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது.

ஜெர்மனிக் கம்பெனியில் எங்களோடு பேசுவதற்கென்று இருந்த பெண். அவளுக்கும் இங்கிலீஷ் இரவல், எனக்கும் இரவல். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாகப் புரியும். டிராயிங்கில் ஒரு மாற்றம், மெயிலில் ஃபைல் அனுப்பியிருக்கிறேன், முதல் லாட்டிலிருந்தே மாற்றம், பார்த்துப் பதில் போடு என்றாள். என்ன மாற்றம் என்று கேட்டேன். அது இன்ஜினியர் எழுதியது, எனக்குத் தெரியாது, அவரும் வெளியூர் போய்விட்டார், நாளைக் காலையில்தான் வருவார், எனக்கும் இன்று அரை நாள்தான், இப்போது கிளம்புகிறேன் என்றாள். நான் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அவர்கள் ஊர்க் காலை என்றால் எங்களுக்கு மதியம் ஆகிவிடும். எங்கள் நல்ல நேரம் காலை ஏழரைக்கு.

நேராக முதலாளியிடம் போனேன். பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜெர்மனிலருந்து மெயில் வந்துகீதாம். டிராயிங்க மாத்திட்டாங்களாம். கம்ப்யூட்டர ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பாத்துடறேன்."

"இன்னாம்மா, வெளயாடறியா? இப்பத்தான் கற்பூரம் காட்டிக்கீறோம். பூசைல வச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

"ஃபோன மட்டும் எடுத்தோமே சார்?"

"அது தானா அடிச்சுது. நாமளா அடிச்சோம்?"

முதலாளி கெட்டவர் இல்லை. சின்ன வயதில் ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வந்து, இதே பேட்டையில் பிரஸ் ஓட்டி, விரலில் ஒரு கணுவை அதற்குக் கொடுத்து, கடைசியில் சொந்தமாக ஒரு பிரஸ் வாங்கியவர். பூசையில் வைத்த மெஷினைத் தொட்டால் அது கையைக் கேட்கும் என்று நம்புபவர். அந்த விரலை வைத்துக்கொண்டு ஒருவர் நம்பினால், இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் எனக்கும் எரிச்சல் வந்தது. தகடு அந்த ஆர்டருக்கென்றே வந்தது, வேறு மிச்சம் இல்லை. தப்பாக வளைத்தால் நிமிர்த்த முடியாது. பொரிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனேன். மெயிலைப் பார்க்க என் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

பஜாரில் போனால் அங்கேயும் அதே கதை. பிரவுசிங் சென்டர் ஒவ்வொன்றும் ஷட்டரில் பொட்டு வைத்துக்கொண்டு சாத்திக்கிடந்தது. வாசலுக்கு வாசல் உடைந்த பூசணிக்காய், அதில் குங்குமம். கால் வைக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டிப் போனேன். கம்ப்யூட்டர் பெருகிய ஊரில் ஆயுத பூசை அன்று ஒரு மெயில் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் பாய் கடை நினைவுக்கு வந்தது.

பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து ஆள். அப்பா, பெரியப்பா எல்லாம் துணிக்கடையும் கருவாடும் பார்க்க, இவர் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸும் வைத்திருந்தார். ரம்ஜான் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் போட்டிருந்த கலர் காகிதத் தோரணத்தை இன்னும் கழற்றவில்லை. உள்ளே எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆள் இருந்தார்கள்.

"வாங்கம்மா. இன்னிக்கு மொத்த பஜாரும் நம்ம கைலதான் கீது" என்றார். மேசையில் யாரோ கொடுத்த பொரி ஒரு தட்டு நிறைய இருந்தது. ஒரு ஆளை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார்.

மெயில் இருந்தது. ஃபைலும் இருந்தது. பெயரின் கடைசியில் எக்ஸ் இருந்தது.

திறக்கவில்லை. பாய் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்த எக்ஸ் கீது பாருங்க, அதத் தூக்கிட்டா தொறந்துக்கும்."

"எங்க எஸ்டேட் பூரா இதத்தான் பண்ணிக்கினு கீது பாய். தொறக்காது."

"நான் டெய்லி பண்றேன்மா."

பண்ணினார். திரை முழுக்கக் கட்டமும் கோடுமாக வந்து விழுந்தது. "இன்னாம்மா இது, பேஜாராக் கீது" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பழைய வடிவத்தில் அனுப்பு என்று ஜெர்மனிக்கு ஒரு மெயில் போட்டேன். பாய் கடை ஃபோனிலிருந்து கூப்பிட்டும் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சொன்னபடியே கிளம்பியிருந்தாள். கேட்டால் கிடைக்கும் என்று இரண்டு வருஷமாக நான் ஓட்டிய வண்டி அங்கே நின்றது. இனி கிணறு தோண்டித்தான் ஆக வேண்டும்.

பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. என்னிடமா உன் வேலையைக் காட்டுகிறாய் என்று அந்த ஃபைலிடம் மனசுக்குள் சொன்னேன். நோட்பேடில் போட்டேன். குப்பையோ குப்பை. ஆனால் தொடக்கத்தில் பி, கே என்று இரண்டு எழுத்து சுத்தமாக நின்றது.

அந்த இரண்டு எழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நிறைய ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவார்களே, ஜிப் என்று, அதற்குத்தான் அந்தத் தலையெழுத்து. கைதவறி நோட்பேடில் திறந்தபோதெல்லாம் பி கே என்றுதான் தொடங்கும். அப்படியானால் இது கடிதமே இல்லை. கடிதம் என்று பெயர் வைத்துக்கொண்ட மூட்டை. எல்லாரும் எக்ஸை எடுத்தால் போதும் என்று நினைத்தோம். பெயரின் பின்பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு, ஜிப் என்று அடித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போயிற்று.

அந்த வருஷம் கரன்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. யூபிஎஸ் எல்லாம் சேர்ந்து கீகீ என்று கத்த ஆரம்பித்தன. பாய் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"எல்லாரும் சித்த எயுந்துருங்கப்பா! மெஷினெல்லாம் ஆஃப் பண்ணுங்க. இந்தம்மா வேல முடியட்டும். டைம் நான் சேத்துக் குடுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். எழுந்தவர்கள் வெளியே போகவில்லை, என் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துவிட்டு, மிச்சமிருந்த சக்தியை என் ஒருத்திக்கும் பிரிண்டருக்கும் கொடுத்தார் பாய்.

மூட்டை அவிழ்ந்தது. உள்ளே அறை அறையாக ஃபோல்டர்கள். ஒன்றில் கடிதத்தின் வாசகம் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் அம்புக்குறி போட்ட அடைப்புகள். நெல்லில் கல் பொறுக்குவது போல அடைப்புகளை ஒதுக்கி ஒதுக்கிப் படித்தேன். காது எதிர்ப்பக்கம் வளைய வேண்டும், முதல் லாட்டிலிருந்தே என்று இருந்தது. பிராக்கெட்டின் நுனியில் மடிந்து நிற்கும் சின்னத் தகட்டைத்தான் காது என்போம். மீடியா என்று இன்னொரு ஃபோல்டர். அதில் ஒரே ஒரு படம். எங்கள் பிராக்கெட்டேதான். காது மட்டும் இடது பக்கம் போயிருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

"தொறந்துச்சா?" என்றார் பாய்.

"தொறக்காம எங்க போவும்?" என்றேன். பின்னால் நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள்.

படத்தையும் வாசகத்தையும் பிரிண்ட் எடுத்தேன். காது எதிர்ப்பக்கம் என்று புரிந்துகொண்டோம், வந்தவுடன் ஃபோனில் உறுதி செய் என்று ஜெர்மனிக்கு மெயில் போட்டேன். கடைசி எழுத்து போய்ச் சேர்ந்ததும் யூபிஎஸ் அணைந்தது. பாய் காசு வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு, என் பொரிப் பொட்டலத்தையும் அவர் தட்டில் கொட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

வீட்டில் அண்ணன் மறுநாளுக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். ஸ்வீட் பாக்ஸ் மூடியைக் கிழித்து, கத்தரியால் வெட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பிராக்கெட் மடித்து என் முன்னால் வைத்தார். ஒன்று வலது கை என்றால் மற்றது இடது கை. எதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். தகட்டைத் திருப்பிப் போட்டு, டையில், அதாவது வளைக்கும் அச்சில், தகட்டைப் பிடித்து நிறுத்தும் ஆணி ஒன்றை இடம் மாற்ற வேண்டும், டூல்ரூம்காரருக்கு அரை நாள் வேலை என்றார்.

"காலைல மொதலாளிகிட்ட சொல்லி நிறுத்திடலாம்" என்றேன்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வேணாம்மா. விஜயதசமி அன்னிக்கு, மொத அடி அடிக்கசொல்ல மெஷின் நின்னா இன்னா சொல்லுவாங்க? இந்த ஆளு கால் வச்ச நேரம், மெஷின் நின்னுபூட்ச்சும்பாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த கேட்டுக்குள்ள நான் போவ முடியாது."

"தப்பா அடிச்சு லாட் திரும்பி வந்தா மட்டும் போவ முடியுமா?"

அவர் இஸ்திரி போட்ட சட்டையையே எடுத்து மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தார். ஒரு வருஷமாக ஒரே ஒரு வேலைக்காக ஏங்கிய மனுஷன். அந்த வேலை கைக்கு வரும் காலையில், வேண்டாம் நில்லுங்கள் என்று தங்கையே சொல்லப்போகிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் வேலைக்கே வரமாட்டார் என்று தெரியும். அதனால் அதட்டினேன்.

"நிறுத்தறது நானு. அடிக்கிறது நீ. உன் வேல உனக்கு, என் வேல எனக்கு. பேசாம தூங்கு."

காலை ரயிலில் இருவரும் சேர்ந்து கிளம்பினோம். கவரப்பேட்டை தாண்டியதும், அட்டைப் பிராக்கெட் இரண்டையும் டிபன் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

கொட்டகையில் எல்லாரும் குளித்து, விபூதி பூசி நின்றார்கள். பெரிய பிரஸ்ஸுக்குப் புது மாலை. தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முதலாளி பட்டு வேட்டியில் இருந்தார். பிரிண்டை நீட்டினேன். அம்புக்குறி அடைப்புகள் நிறைந்த தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்னாம்மா, மந்திரம் கிந்திரமா?"

"ஜெர்மனிக்காரன் அனுப்புனதுதான் சார். ஃபைல் தொறக்கல. உள்ள போய் எடுத்தாந்தேன்."

"அவன் லெட்டர்ஹெட் எங்க? கையெழுத்து எங்க?"

"அது வேற ரூம்ல கீது சார். அவசரத்துல எடுக்கல."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அண்ணன் என் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் அட்டைப் பிராக்கெட் இரண்டையும் எடுத்து பிரஸ்ஸின் மேசை மேல் வைத்தேன். நேற்று வரை நாம் அடிக்கப்போவது இது, அவர்கள் கேட்பது இது என்று காட்டினேன். முதலாளி இரண்டையும் கையில் எடுத்தார். கணு போன விரலால் காதைத் தடவித் தடவிப் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நான் சொல்றது தப்புன்னா அரை நாள் போவும். நான் சொல்றது கரெக்டுன்னா, இந்தத் தகடு பூராவும் பேரீச்சம்பழத்துக்குத்தான் போவும்."

"நல்ல நேரத்த உட்டுட்டு மெஷின சும்மா நிக்க வைக்கச் சொல்றியா?"

"யாரு நிக்க வைக்கச் சொன்னது? அடிங்க. அந்த மூலைல பழைய துண்டுத் தகடு கீது, அதுல அடிங்க. சாமிக்கு இன்னா டிராயிங்கா தெரியும்? மொத அடி நல்ல நேரத்துல உயுந்தா போதாதா?"

சாமியைப் பற்றி அப்படிச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே பட்டது. முதலாளி என்னைப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்குப் போய், தானே ஒரு துண்டுத் தகட்டைத் தேடி எடுத்து வந்து டையில் வைத்தார்.

"வா நைனா" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரம் காட்டினார்கள். மணி ஏழரை தாண்டியதும் அடித்தார். தரை அதிர்ந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் காலடியில் அதிர்ந்த தரை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் மெஷினை நிறுத்தினார்கள். டூல்ரூம்காரர் டையைக் கழற்றினார். அந்தக் காலை நகரவே இல்லை. அரசல்புரசலாகப் பேச்சு காதில் விழுந்தது. நல்ல நாளும் அதுவுமாக டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் காதில் வாங்காதது போல டைக்கு எண்ணெய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி என் ஆபீஸ் அறைக்கு வந்து, டெலிபோனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று தானாக அடித்ததே என்று நினைத்திருப்பார். பொட்டு வைத்த டெலிபோனும் பொட்டு வைத்த முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அடித்தது. நான் எடுத்தேன். இன்ஜினியரே பேசினார். உங்கள் மெயிலைப் பார்த்தேன், சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், காது எதிர்ப்பக்கம்தான், இன்னும் வளைக்க ஆரம்பிக்கவில்லையே என்று கேட்டார். ஆரம்பிக்கவில்லை, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றேன். இரவல் இங்கிலீஷில் அதைவிட அழகாக ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

ஃபோனை வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து, வாசலுக்குப் போய், கொட்டகை பக்கம் பார்த்து ஒரே குரலில் கத்தினார்.

"அட்ரா நைனா!"

முதல் லாட் போயிற்று, திரும்பி வரவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் ஓடியது. விஜயதசமி அன்று அடித்த துண்டுத் தகட்டை, காது தப்பான பக்கம் வளைந்ததை, முதலாளி தூக்கிப் போடவில்லை. அடுத்த ஆயுத பூசைக்கு அதற்கும் பொட்டு வைத்தார். என் அறைக்கு வந்து மானிட்டருக்கும் அவரே பொட்டு வைத்தார். நான் வழக்கம் போலக் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன்.

"அது ஓடட்டும்மா. தானா வர்றத நாம இன்னாத்துக்குத் தடுக்கணும்?" என்றார்.

அன்று பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனால், அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். குழாய் மறுபடி சொட்டுகிறது. முக்காலி ஆடுகிறது. ஃபேன் கடகடவென்கிறது. "சொன்னா காதுல போட்டுக்கறானா? ஷிஃப்டு, ஓவர்டைம்னு ஓடிக்கினே கீறான். இந்த ஊட்ல ஒரு சாமானாவது ஒயுங்கா கீதா பாரு" என்று கையை விரித்தார். குறைதான் சொன்னார், ஆனால் தெருமுனை வரை கேட்கும்படியாகச் சொன்னார். நான் உள்ளே போய்ச் சொட்டும் குழாயடியில் ஒரு குடத்தை வைத்தேன். அதைச் சரிசெய் என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை.